வெங்காயக் காட்டுல ஓடுன பாய்மரப் படகு

போன ஞாயித்துக்கிழமை செட்டிகுளம் வெங்காயக் காட்டுல பாய்மரப் படகு ஓட்டுனோம்!

(தண்ணி ஒரு சொட்டு இல்ல. படகும் இல்ல. பொறுமையா கேளுங்க.)

என் வூட்டுக்காரம்மா கலைச்செல்வி, கல்யாணத்துக்கு முன்னாடி சென்னைல படகுக்கு எலெக்ட்ரானிக்ஸ் வேலை பாத்தவ.

அப்புறம் நான், பாப்பா, பெரம்பலூர். அதோட வேலை நின்னு போச்சு.

"பெரம்பலூர்ல எந்தக் கடல்ல போய் வேலை பாக்கப் போற?"ன்னு சொந்தக்காரங்க கேக்குறப்பல்லாம் அவ சிரிச்சுக்குவா. எனக்குத்தான் சுருக்குன்னு இருக்கும்.

ரெண்டு வாரம் முன்னாடி பாண்டிச்சேரில இருந்து அவளோட பழைய கஸ்டமர் ஒருத்தர் போன் பண்ணாரு. சொந்தமா பாய்மரப் படகு வச்சிருக்காரு, எல்லாரும் கேப்டன்னுதான் கூப்புடுவாங்களாம்.

"படகுல இருந்த ஜிபிஎஸ் செத்துப் போச்சும்மா. கைல புடிக்கிற குட்டி ஜிபிஎஸ் ஒண்ணு இருக்கு. அதை ஆட்டோ பைலட்டோட சேத்துக் குடுப்பியா? ஒழுங்கா ஓடுச்சுன்னா எங்க ஆளுங்க படகு வேலையெல்லாம் உனக்குத்தான். ஓடலைன்னா கோவிச்சுக்காத, சென்னைலயே குடுத்துக்கறேன்."

ரெண்டு சாமானும் பார்சல்ல வந்து எறங்குச்சு.

ஆட்டோ பைலட்னா பெருசா ஒண்ணும் நெனைக்காதீங்க. முழ நீளத்துக்கு ஒரு டப்பா, அதுல ஒரு கம்பி நீளும், சுருங்கும். அந்தக் கம்பிதான் படகைத் திருப்புற சுக்கானைத் தள்ளும், இழுக்கும்.

"ஜிபிஎஸ்ஸுக்கு வழி தெரியும், கை கெடையாது. பைலட்டுக்கு கை இருக்கு, வழி தெரியாது. ரெண்டையும் பேச வச்சா போதுங்க"ன்னா கலை.

(நம்ம வூட்டுலயும் அதே நெலமைதான். வழி யாருக்குத் தெரியும்னு சொல்லணுமா என்ன!)

பாப்பா தூங்குற நேரமாப் பாத்து, ஒயரைச் சீவி, ஈயத்தால பத்த வச்சு, செட்டிங்கை மாத்தி... பைலட் கீ...ன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு. பேச ஆரம்பிச்சிருச்சு!

ஆனா கடல் இல்லாத ஊர்ல எப்படி டெஸ்ட் பண்றது?

நான் ஒரு ஐடியா குடுத்தேன். ஸ்கூட்டர்ல பின்னாடி அவ, மடியில பைலட், கைல ஜிபிஎஸ், வாலிகண்டபுரம் ரோட்டுல ஒரு ரவுண்டு!

நான் எடது பக்கம் போனா கம்பி நீளணும், வலது பக்கம் போனா சுருங்கணும். அது என்னடான்னா இஷ்டத்துக்கு ஆடுது. நேரா போனாலும் ஆடுது!

வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டுனா. மறுபடி ஸ்கூட்டர். மறுபடி அதே கூத்து.

அன்னைக்கு அவ சரியா சாப்புடல. "கை விட்டுப் போச்சுங்க. எல்லாம் மறந்துட்டேன் போல"ன்னா.

மறுநாள் காலைல ஸ்கூட்டரைத் தொடைச்சிக்கிட்டு இருக்கேன். காபி டம்ளரோட வந்தவ அப்படியே நின்னுட்டா.

"ஏங்க! பைலட்டுக்குள்ள திசைகாட்டி இருக்குங்க! இவ்ளோ இரும்பு மேல உக்கார வச்சா அதுக்குக் கிறுக்குப் புடிக்காம என்ன பண்ணும்?"

ஆக, குத்தம் ஒயர்ல இல்ல. என் ஐடியால! (நல்ல வேளை, திட்டல. நேரம் இல்ல.)

அப்படித்தான் செட்டிகுளத்துல எங்க சித்தப்பா காட்டுக்குப் போனோம். வெங்காயம் புடுங்கி முடிச்சு வெறுங்காடா கெடந்துச்சு.

எங்க கல்யாணத்துல உக்காந்த மனைப்பலகை மேல பைலட்டையும் ஜிபிஎஸ்ஸையும் கட்டி, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டா. போய்ச் சேர வேண்டிய எடமா, அந்தக் கோடில நிக்கிற வேப்பமரத்தை ஜிபிஎஸ்ல முன்னாடியே குறிச்சு வச்சிருந்தா.

நான் பின்னாடி நீள ஒயரோட பேட்டரி தூக்கிக்கிட்டு. "தள்ளி வாங்க! பெல்ட்டைக் கழட்டுங்க, பக்கிள் இரும்பு!"

மரத்தைப் பாக்கவே இல்ல அவ. கம்பியை மட்டும் பாத்துக்கிட்டு நடக்குறா. கம்பி நீண்டா ஒரு பக்கம் திரும்புறா, சுருங்குனா மறுபக்கம்.

வேணும்னே கோணலா நடந்தா. கம்பி அவளை இழுத்துப் புடிச்சு நேர்வழிக்குக் கொண்டாந்துச்சு!

மரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஜிபிஎஸ் பீப் பீப்னு கத்துச்சு. வந்து சேந்தாச்சுன்னு அர்த்தம்.

நிமிந்து பாத்தா, பக்கத்துக் காட்டு ராமசாமி அண்ணன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு பவ்யமா நிக்கிறாரு!

"ஏம்மா, நீரோட்டம் எத்தனை அடில காட்டுது?"

எங்க பக்கம் போர் போடுறதுக்கு முன்னாடி குச்சி புடிச்சு தண்ணி பாப்பாங்கல்ல, அந்த ஆளுன்னே முடிவு பண்ணிட்டாரு!

"அய்யோ அண்ணே, இது படகு ஓட்டுற மிஷினுங்க. தண்ணியெல்லாம் பாக்காது."

"இந்தக் காட்டுல ஏதும்மா படகு? சொல்ல இஷ்டமில்லைன்னா விடு. எடம் தெரிஞ்சா போதும்"னு பெரிய கல்லா ஒண்ணை உருட்டியாந்து அங்க வச்சுட்டாரு.

கலை எவ்ளோ சொல்லியும் நம்பல. மிஷினுக்கு ஒரு கும்புடு வேற!

திங்கக்கிழமை பார்சல் போச்சு. அப்புறம் எப்ப போன் அடிச்சாலும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாத்துக்குவோம்.

இன்னைக்குக் காலைல கேப்டன். ஸ்பீக்கர்ல போட்டா.

"கையே வைக்கலம்மா! கோடு போட்ட மாதிரி போச்சு. எந்தக் கடல்ல டெஸ்ட் பண்ண?"

"செட்டிகுளம் வெங்காயக் காட்டுல சார்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு பாருங்க, பாப்பா முழிச்சிருச்சு!

"அடுத்த படகு சாமான் நாளைக்கே அனுப்புறேன். இனிமே எல்லாம் நீதான்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவளுக்கு இல்ல. பாப்பாவை என் கைல குடுத்துட்டு, மேசையை ஒதுங்க வைக்கப் போயிட்டா.

பெருமையா இருக்கு கலை. நெசமாவே.

ஆங், பெரம்பலூர்ல எந்தக் கடல்னு கேட்ட சொந்தக்காரங்களே, இதையும் படிச்சிருங்க:

செட்டிகுளத்துல, எங்க சித்தப்பா காட்டுல, வேப்பமரத்துக்குப் பக்கத்துல இருக்கு. அடையாளத்துக்கு ராமசாமி அண்ணன் கல்லு வச்சிருக்காரு!