ஐந்தரைக் கட்டை

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு சுருதிப்பெட்டி. அதில் வந்தது ஒரே ஒரு சுருதி, ஐந்தரைக் கட்டை. பாட்டுப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டை கூடக் கூடக் குரலை உயரத்தில் வைத்துப் பாட வேண்டும். பொம்பளை என்றால் ஐந்தரை, அதுதான் எங்கள் பாட்டு டீச்சரின் சட்டம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகளுக்கு ஒரே அளவில் பாவாடை தைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்ன மாதிரி. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் மன்றம். சாரணியர், தையல், இலக்கிய மன்றம், பாட்டு என்று ஆளுக்கு ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம். எனக்குப் பாட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் தெருக் குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நான் பாடினால், தண்ணீருக்குச் சண்டை போடுகிற அக்காமார்கூட நிறுத்திக் கேட்பார்கள். கனத்த குரல் எனக்கு. அது ஒரு குறை என்று பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் பாட்டுக்குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். டீச்சர் பெட்டியைப் போட்டார், நான் பாடினேன். கீழே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறியதும் தொண்டை இறுகிக் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கொஞ்சம் இறக்கி வைத்துப் பாடட்டுமா டீச்சர் என்று கேட்டேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் டீச்சருக்கே என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு நிதானம் இருக்கிறது, அதனால் பெட்டி போடட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வருடம் பெட்டி போட்டேன். எந்தச் சுருதி என்னை வெளியே தள்ளியதோ அதே சுருதிக்கு வாராவாரம் உட்கார்ந்து துருத்தி அமுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டி போடுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது, அது இன்னொரு சட்டம். ஏழு பேர் நின்று பாடுவார்கள். ஒவ்வொருத்தி எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே பிசகுவாள் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். பாட்டு மட்டும் எனக்கில்லை. கேட்காமல் இருந்தேனா? போகும்போதும் வரும்போதும் கேட்டேன். "பொறகு பாப்போம்" என்பார். அந்தப் பொறகு வரவே இல்லை.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே குழுப்பாட்டுப் போட்டி வந்தது. டவுன் பஸ்ஸில் போனோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா, "செத்த வச்சுக்க தாயி" என்று கத்திரிக்காய்க் கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, நான்கு ஸ்டாப் கழித்துத்தான் எடுத்தார். மண்டபத்தில் போய்ப் பார்த்தால் துருத்தி மடிப்போடு கிழிந்து கிடந்தது. அமுக்கினால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. டீச்சர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் போதாது. கடைசியில் வேறு ஒரு பள்ளிக்கூடத்துப் பெட்டியை இரவல் கேட்டு வாங்கினார். அது நாலு கட்டை. வேறு வழியில்லை, சமாளித்துப் பாடுங்கள் என்று மேடைக்கு அனுப்பிவிட்டார்.

பெட்டியைப் போட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது என் சுருதி. குழாயடியில் நான் பாடுகிற இடம் இதுதான். மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் என் சுருதி, வாய்க்குப் பூட்டு. அழுகையாக வந்தது.

நாற்று நடுகைப் பாட்டு ஒன்று. இரண்டாவது சரணத்தில் நான்கு வரி நன்றாகக் கீழே இறங்கும். ஐந்தரையிலேயே இவர்கள் அங்கே தட்டுத்தடுமாறி இறங்குவார்கள். நாலு கட்டையில் ஏழு பேருக்கும் குரலே இல்லை. உதடுகள் அசைகின்றன, சத்தத்தைக் காணோம். நான் திட்டமெல்லாம் போடவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. அந்த நான்கு வரியையும் மண்டபத்தில் நான் ஒருத்திதான் பாடினேன். ஓரத்தில் நின்ற டீச்சர் உதட்டில் விரலை வைத்து முறைத்தார். பார்த்துக்கொண்டேதான் பாடினேன். பிறகு பாட்டு மேலே ஏறியது, அவர்கள் ஏழு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. படி இறங்கும்போது நடுவராக வந்திருந்த அம்மா எங்களைத் தேடி வந்தார். கீழே இறங்கிய இடத்தில் பாடியது யார் என்று கேட்டார்.

"அவ பாடுற புள்ள இல்லீங்கம்மா, பெட்டி போடுறவ. தெரியாம வாயத் தெறந்துட்டா" என்றார் டீச்சர். அவ்வளவு நேரம் என்மேல் இருந்த கோபம், அந்த அம்மாவுக்கு முன்னால் பயமாக மாறியிருந்தது.

அந்த அம்மா டீச்சரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாப் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிள்ளைகளை எடுத்து ஒரு குழு சேர்க்கிறோம், பெரிய விழாவில் பாட வேண்டும் என்றார். "நீ பாடுவியாம்மா?"

இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததை, ஒருவர் வந்து என்னிடம் கேட்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, நான் பெட்டிதான் போடுவேன்" என்றேன். யாரும் என் கையைக் கிள்ளவில்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. பாழாய்ப் போன வாய், அதுவாகவே சொன்னது.

அந்த அம்மா, எங்கள் ஏழு பேரில் முன்வரிசையில் நின்ற ஒருத்தியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

டீச்சர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, "நல்ல புள்ள" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.