நான் சாட்சி சொன்ன சாயங்காலம்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. நான் பிளம்பர். குழாய் ஒழுகினால் என்னைக் கூப்பிடுவார்கள், பேசுவதற்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த ஒரு தடவை கூப்பிட்டார்கள்.

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போனோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் கூட்டம் நடத்த வேண்டும். நான் போனதற்குக் காரணம் என் மகள். ஐந்து வயது முடிந்தும் ஒரு சொல் பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. காதும் நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ‘ஆண்டவரே, நான் உமக்கு வேலை செய்கிறேன், நீர் என் பிள்ளையின் வாயைத் திறந்தருளும்’ என்று பொருத்தனை பண்ணிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

அந்த ஊர் ஜனங்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகவில்லை. நாங்கள் தெருவில் வந்தால் கதவைச் சாத்துவார்கள். பகலில் நான் தோண்டிய பள்ளத்தை மறுநாள் காலையில் யாரோ மூடி வைத்திருப்பார்கள். சும்மா தண்ணீர் கொடுக்க வந்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களோடு முகம் கொடுத்துப் பேசியவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். நம் பக்கத்துக் கல்லூரியில் படித்து, தமிழும் கற்றுக்கொண்டு போனவர். கூட்டத்தில் எங்கள் பேச்சை மொழிபெயர்ப்பதும் அவரே.

கடைசி நாள் கூட்டம். பழைய சரக்குக் கிடங்கு, தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அதுவரை பத்துப் பேர்கூட வராத கூட்டம் அன்றைக்கு நிறைந்துவிட்டது. பாஸ்டர் என் காதருகே குனிந்தார்.

“தம்பி, இன்னைக்கு நீங்க சாட்சி சொல்லுங்க. பாப்பாவைப் பத்திச் சொல்லுங்க.”

“எனக்குப் பேச வராது பாஸ்டர்.”

“வாத்தியார் பார்த்துக்குவார்.”

வாத்தியார் எனக்குப் பின்னால், இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மொழிபெயர்க்கிறவர் ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்வதில்லை. நான் அழுதேன் என்று நான் சொன்னால், அவரும் ‘நான் அழுதேன்’ என்றே சொல்வார். அதுதான் முறை.

மணி ஆறே முக்கால்.

“எனக்கு ஒரு மகள்,” என்றேன். அவர் சொன்னார். “அவ இன்னும் பேசல,” என்றேன். அவர் சொன்னார்... சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் சொன்னது ஒரு வரி. பின்னால் இரண்டு பக்கத்துக்குப் பேச்சு ஓடியது. வாத்தியார் கையில் மைக் கிடைத்தால் விடுவாரா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். எதிரே யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். உதடு துடித்தது. பக்கத்திலிருந்த பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வாத்தியாரை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்படி ஒரு வெறுப்பை நான் எந்தக் கண்ணிலும் பார்த்ததில்லை.

டக்.

கரண்ட் போனது. மைக் செத்தது.

குரல் நிற்கவில்லை. அதே சத்தம். என் காதோரம்...

“வாத்தியாரே, போதும்.”

நிற்கவில்லை.

திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

வாசல் வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் தேடினேன். வாத்தியார் தூரத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியிருந்தார்.

குரல்... இன்னும் கேட்டது.

டமார். ஒரு நாற்காலி என் தோளில் வந்து விழுந்தது. அடுத்து கல். பாஸ்டர் என் சட்டையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். வாத்தியாரும் ஏறினார். அங்கே நின்றிருந்தால் அவருக்கும் அடிதான். ஏறியவர் என்னைவிட்டு எட்டி உட்கார்ந்தார்.

“என்னய்யா சொல்லித் தொலைச்சீங்க அவங்ககிட்ட?”

“நான் ரெண்டாவது வரியோட நிறுத்திட்டேன் சார்.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அப்புறம் பேசினது நீங்கதான். எங்க பாஷையில.”

“உங்க பாஷையில தண்ணி கேக்கக்கூட எனக்குத் தெரியாது.”

“வீடு வீடாச் சொன்னீங்க. செத்தவங்க பேரைச் சொல்லி, ‘நான்தான் கூட்டிட்டுப் போனேன்’னு சொன்னீங்க. சாகும்போது எங்கம்மா என்கிட்ட என்ன கேட்டாங்கன்னு சொன்னீங்க. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அப்போது போன் அடித்தது. என் மனைவி. அழுதாள். சந்தோஷ அழுகை.

“ஏங்க, பாப்பா பேசிட்டா. கால் மணி நேரமா வாய் ஓயாம பேசுறா. மழலைதான், ஒண்ணும் புரியல. இருங்க, நீங்களே கேளுங்க...”

ஸ்பீக்கரில் போட்டேன்.

ஐந்து வருஷமாக ஏங்கிய குரல். கண் நிறைந்துவிட்டது. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன்...

வாத்தியார் போனையே பார்த்தார். பழக்க தோஷம். அவர் உதடு தானாக மொழிபெயர்த்தது.

“நான் வந்துட்டேன். உங்களுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டேன்.”

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாத்தியார் நம்பரை மாற்றிவிட்டார். பாப்பா ஸ்கூலுக்குப் போகிறாள். ‘வீட்ல நீங்க என்ன பாஷை பேசுவீங்க?’ என்று அவளுடைய டீச்சர் கேட்கிறார். தமிழ்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் அந்த வாசலில் போய் நின்று பேசுகிறாள். நல்லவேளை, யாருக்கும் புரிவதில்லை. குழந்தை ஆறுதல் சொல்கிறது என்று தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். எனக்கும் ஒரே ஒரு சொல்தான் புரியும். ஒவ்வொரு வரியையும் அதில்தான் தொடங்குகிறாள். அன்றைக்கு வேனைவிட்டு இறங்கும்போது வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு ‘நான்’ என்று அர்த்தம்.