சந்தனம் வச்ச பந்து

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் எனக்கு நல்லபடியா முடிஞ்சதில்ல. போன வருசம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எங்க ஃபுட்பால் டீம் கேப்டன் அப்படித்தான் ஆரம்பிச்சா. "பெரம்பலூர் மேட்ச்சுக்கு நீங்களே கோல்ல நில்லுங்க. அதுலயும் வரிசையா கோல் வாங்குனீங்கன்னா, அடுத்ததுலேருந்து நர்ஸ் பொண்ணு நிக்கட்டும். உங்களுக்கும் வயசாகுதுல்ல?"

எனக்கு நாப்பத்திரண்டு. அரியலூர்ல ரேஷன் கடையில வேலை. காலையில கதவைத் திறந்தா அரிசி எடை, கைரேகை மெஷினோட மல்லுக்கட்டு, "போன மாசம் பருப்பு போடலையே"ன்னு சண்டை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு இடத்துல நிப்பேன். அங்க என் முன்னாடி யாரும் அட்டையை நீட்ட மாட்டாங்க. அது கோல் போஸ்ட். காலேஜ் ஹாஸ்டல்ல பிடிச்ச இடம், கல்யாணம் ஆகி, புள்ளை பெத்து, இடுப்பு பிடிச்சு, எல்லாத்துக்கும் அப்புறமும் விடல. அதை இவ வந்து "நிக்கட்டும்"ங்குறா.

"வயசு மாறலடி, பந்து மாறிப்போச்சு. அதைப் பாரு"ன்னேன்.

"பந்து எல்லாருக்கும் ஒன்னுதானே அக்கா"ன்னா. போலீஸ் வேலை பார்க்கிறவ. தீர்ப்பு சொன்ன மாதிரி சொல்லிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

எல்லாருக்கும் ஒன்னுதானாம்! உதைக்கிறவளுக்கும் பிடிக்கிறவளுக்கும் எப்படி ஒன்னாகும்? நாங்க பழகுனது கையால தைச்ச பழைய பந்து. முப்பத்திரண்டு துண்டு, தையல் தடிச்சு நிக்கும், வேகமா வந்தாலும் வர்ற வழி தெரியும். அந்த வருசம் டோர்னமெண்ட் நடத்துறவங்க, டீமுக்கு ஒன்னுன்னு புதுப் பந்து கொடுத்துட்டாங்க. உலகக் கோப்பைப் பந்தைப் பார்த்து செஞ்ச மாடல். தையலே கிடையாது. நாலு பெரிய துண்டை ஒட்டியிருக்கு, மேல பொடிப்பொடியா குழி. நெஞ்சுக்கு நேரா வருதுன்னு கையை விரிச்சா, கடைசி நிமிசத்துல ஒரு முழம் தள்ளிப் போயிடும். முன்வரிசையில ஆடுறவளுங்களுக்கு அது பிரமாதமான பந்து. எனக்கு வயித்தெரிச்சல்.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் டெக்சாஸ்லேருந்து லீவுக்கு வந்திருந்தான். பெட்டியிலேருந்து பழுப்பு நிறத்துல ரெண்டு பக்கமும் கூரா ஒரு தோல் பந்தை எடுத்து வச்சான். எங்க ஊர்ப் பக்கம் பூமியைத் தோண்டுனா டைனோசர் முட்டை கிடைக்கும்னு ஊருக்கே பெருமை. என் வீட்டுக்காரர் அந்தப் பந்தைத் தட்டிப் பார்த்துட்டு, "செந்துறையில எடுத்ததாடா?"ன்னார்.

"இதுதான் அமெரிக்காவுல ஃபுட்பால், அண்ணி"ன்னான்.

"காலால உதைப்பாங்களா?"

"எப்பவாச்சும். மத்தபடி கையில வச்சுக்கிட்டு ஓடுவாங்க, வீசுவாங்க."

"அப்புறம் என்ன தம்பி ஃபுட்பால்?"

அவன் சிரிச்சான். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே என் பந்துக் கதையைச் சொன்னேன். என் பக்கம் பேசுவான்னு பார்த்தா, படிச்ச புத்தி, பந்து பக்கம் பேசுறான். பெரிய பெரிய ஃபேன் வச்ச கூடத்துல பந்தை நிறுத்தி, காத்து எப்படிப் போகுதுன்னு பார்த்துத்தான் செய்றாங்களாம். இப்ப உலகக் கோப்பைப் பந்துக்குள்ள சென்சார் வேற இருக்காம். ஆட்டத்துக்கு முன்னாடி சார்ஜ் போடணுமாம்.

"பந்துக்குச் சார்ஜா? நல்லா இருக்கே கூத்து! எங்க கடை மெஷினுக்கே பாதி நாள் சார்ஜ் நிக்கல."

"எல்லாம் முன்னேற்றம் அண்ணி. நீங்கதான் பழசைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க."

"சரிப்பா. அப்ப உங்க முட்டை மட்டும் ஏன் இன்னும் ஷூ மாதிரி லேஸ் கட்டிக்கிட்டுக் கிடக்கு? அதுக்கு முன்னேற்றம் கிடையாதா?"

"இதுவும் மாறுனதுதான். அந்தக் காலத்துல பூசணிக்காய் மாதிரி குண்டா இருந்துச்சு. வீசுறவன் கைக்கு அடங்கணும்னு ஒல்லியாக்குனாங்க. லேஸை எடுத்தா பிடி போயிடும்னு விட்டு வச்சிருக்காங்க."

நான் கத்தியைக் கீழ வச்சுட்டேன். "திருப்பிச் சொல்லு."

சொன்னான். சொன்னதோட நிக்காம இன்னொன்னையும் வாய்விட்டான். அங்க ஒவ்வொரு டீமும் அவங்க வீசுற பந்தை அவங்களே கொண்டாருவாங்களாம். புதுப் பந்து வழுக்கும்னு நாள் கணக்கா பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்களாம், மண்ணைப் பூசித் தேய்ப்பாங்களாம். ரூல்ஸ்லயே அதுக்கு இடம் உண்டாம். உதைக்கிறவனுக்குன்னு தனியாவே பந்து வச்சிருக்காங்களாம்.

"அடப்பாவி! கையில பிடிக்கிறவனுக்காக அங்க பந்தையே இளைக்க வச்சிருக்கான். இங்க மைதானத்துலயே கையால பிடிக்கிறது நான் ஒருத்திதான். என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கோல் விழுந்தாத்தான் அண்ணி ஜனங்க பார்ப்பாங்க. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஆட்டத்தைப் பார்க்க யாரு வருவா?"

"நான் வருவேன்"ன்னேன். அன்னைக்குச் சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. கூடட்டும்னு விட்டுட்டேன்.

ஆயுத பூஜை அன்னைக்கு சாயங்காலம் நாங்க ஆடுற பள்ளிக்கூடத்து ஸ்போர்ட்ஸ் ரூம்ல சாமி கும்பிட்டோம். ஷூ, விசில், காத்தடிக்கிற பம்ப், என் கையுறை, எல்லாத்தையும் துடைச்சு வரிசையா வச்சு, நடுவுல புதுப் பந்து. பொட்டு வைக்கிற வேலையை எங்க லெஃப்ட் பேக் எடுத்துக்கிட்டா. விக்கிரமங்கலத்துக்காரி, அங்கன்வாடி டீச்சர், பக்தி கொஞ்சம் அதிகம். எல்லாரும் ஒரு பொட்டு வைப்பாங்க. இவ பன்னீர் ஊத்திக் கெட்டியா சந்தனத்தைக் குழைச்சு, பந்தைச் சுத்தி ஒரு இடம் விடாம வச்சு, நடுநடுவுல குங்குமமும் வச்சுட்டா. "பந்துக்கு எது மூஞ்சி, எது முதுகுன்னு தெரியலக்கா. அதான் எல்லாப் பக்கமும் வச்சுட்டேன்"ன்னா.

பூஜையில வச்சதை மறுநாள் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும், அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் பழக்கம். அதனால ராத்திரி முழுக்க சந்தனம் அந்தப் பொடிக் குழியெல்லாம் புகுந்து காஞ்சு கல்லாயிடுச்சு. விஜயதசமி அன்னைக்குக் காலையில கேப்டன் துணியைப் போட்டுத் தேய்க்கிறா, தேய்க்கிறா, போகவே மாட்டேங்குது. "தண்ணி விட்டுக் கழுவிடலாமா?"ன்னா. லெஃப்ட் பேக் அழாத குறையா, "மேட்ச்சுக்குப் போற நேரத்துல சாமியைக் கழுவி விடுறதா?"ன்னு குறுக்க நின்னுட்டா. நான் வாயே திறக்கல. எனக்குக் கொழுந்தன் சொன்ன டெக்சாஸ் மண்ணு ஞாபகம்.

வேன்ல பெரம்பலூர் போனோம். கொழுந்தனும் வேடிக்கை பார்க்கத் தொத்திக்கிட்டான். புள்ளிக் கணக்குப்படி, தோத்தா நாங்க வெளியே போகணும், சமமா முடிஞ்சாலே அடுத்த ரவுண்டு. தகராறு வரக்கூடாதுன்னு முதல் பாதிக்கு அவங்க பந்து, ரெண்டாவது பாதிக்கு எங்க பந்துன்னு ஏற்பாடு.

முதல் பாதியில அவங்க பந்து, பளபளன்னு புதுசு. அவங்க டீம்ல லப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு ஒருத்தி, தலையில ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கிட்டு, துபாய்லேருந்து அவங்க அத்தா அனுப்புன பூட்ஸ்ல அடிக்கிறா பாருங்க, வெடிச் சத்தம்தான். தூரத்துலேருந்து ஒன்னு விட்டா. என் நெத்திக்கு நேரா வந்துச்சு. கையைத் தூக்குனேன். பந்து எனக்கு டாட்டா காட்டிட்டு இடது பக்கமா இறங்கி உள்ள போயிடுச்சு. வெளியில மாத்து கோல்கீப்பரா உக்காந்திருந்த நர்ஸ் பொண்ணு எந்திரிச்சு நின்னு கையைக் காலை உதறிக்கிட்டா. கேப்டன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அவமானமா இருந்துச்சு. அழுகை வரல, ஆத்திரம் வந்துச்சு.

பாதி நேரம் முடிஞ்சு எங்க பந்து வந்துச்சு. நடுவரு, ரிட்டயர் ஆன பி.டி. சார், அதைக் கையில வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாரு. "என்னம்மா இது? பந்தா, புள்ளையாரா?"

"ஆயுத பூஜை சார்"ன்னேன். "நீங்க உங்க விசிலுக்கு வைக்கலையா?"

அவரு குனிஞ்சு விசிலைப் பார்த்தாரு. அதுல குங்குமம் இருந்துச்சு. அந்தப் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தாச் சொல்லிடுங்க"ன்னாரு. லப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு, "உருண்டாப் போதும் சார். எந்தப் பந்துன்னாலும் இன்ஷா அல்லா நான் போடுவேன்"ன்னா. அந்த வாய்த்துடுக்கு எனக்குப் பிடிச்சுப்போச்சு.

அடிச்சா. ஒன்னு, ரெண்டு, அப்புறம் எத்தனைன்னு யாரு எண்ணுனா? நேரா வந்துச்சு. சாமியோ, காத்தோ, எனக்குத் தெரியாது. வர்ற வழி தெரிஞ்சுச்சு. நேரா வர்ற பந்தை நான் பிடிப்பேன்னுதானே இத்தனை மாசமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தேன்? பிடிச்சேன். நடுவுல எங்க பக்கமும் ஒரு கோல் போட்டுட்டோம். ஒன்னுக்கு ஒன்னு.

முடியப்போற நேரத்துல எங்க லெஃப்ட் பேக் பதறிப்போயி, உயரமா வந்த பந்தைக் கையால தட்டிவிட்டுட்டா. கொழுந்தன் ஊர் ஆட்டம்னு நெனச்சாளோ என்னவோ. பெனால்டி.

அந்தப் பொண்ணு பந்தை வச்சா. ஊரே கத்துது, எனக்கு ஒன்னும் கேக்கல. பெனால்டி தூரத்துலேருந்து பந்து வளையுறதுக்கெல்லாம் நேரம் ஏது? சந்தனமா இருந்தா என்ன, சகதியா இருந்தா என்ன? நான் பந்தைப் பார்க்கல, அவ இடுப்பைப் பார்த்தேன். ஓடி வர்றப்ப லேசா வலது பக்கம் திரும்புச்சு. பாஞ்சேன். விரல் நுனியில பட்டு, போஸ்ட்ல மோதி, வெளியே போயிடுச்சு. விழுந்த இடத்துல முட்டி சிராய்ச்சு மண்ணெல்லாம் வாய்க்குள்ள. கடைசி விசிலும் அடிச்சாச்சு.

எல்லாரும் ஓடி வந்தாங்க. எங்கிட்டன்னு நெனச்சேன். பந்துகிட்ட! லெஃப்ட் பேக் பந்தைத் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "சாமி காப்பாத்திடுச்சு"ன்னு கும்பிடுறா. கொழுந்தன் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, "குழியெல்லாம் அடைபட்டுக் காத்தோட்டமே மாறிடுச்சு அண்ணி, சூப்பர் கேஸ்!"னு போட்டோ எடுக்குறான். கேப்டன் ஒரு படி மேல போயி, "இனிமே எல்லா மேட்ச்சுக்கும் சந்தனம் வச்சிரலாம்"ங்குறா.

எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! மண்ணைத் துப்பிட்டு எந்திரிச்சேன்.

"ஏன்டி, கோல் போனா என் வயசு, தடுத்தா சந்தனமா?"

மைதானமே திரும்பிப் பார்த்துச்சு. ரேஷன் கடைக் குரல், மைக் வேணாம்.

"பந்து பொல்லாததுன்னு சொன்னேன், சாக்கு சொல்றேன்னீங்க. இப்ப நீங்களே பந்துக்கு மாலை போடுறீங்க. பந்து நேரா வந்துச்சு, ஒத்துக்கிறேன். நேரா வந்து அதுவா என் கையில உக்காந்துச்சா? பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாயணும்னு சந்தனம் வந்து காதுல சொல்லுச்சா?"

லப்பைக்குடிக்காட்டுப் பொண்ணு மட்டும் வந்து என் கையுறையைத் தட்டி, "நான் எந்தப் பக்கம் அடிப்பேன்னு எப்படித் தெரிஞ்சுச்சு லாத்தா?"ன்னா. அவங்க ஊர்ல அக்காவுக்கு லாத்தா. "அதைச் சொன்னா அடுத்த தடவை நீ மாத்தி அடிப்பே, போ"ன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டா. கேப்டன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேன்ல ஏறுனா. அரியலூர் வர்ற வரைக்கும் நான் கையுறையைக் கழட்டல.

அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி ஒரு நாள், கடையில நல்ல கூட்டம். அரிசி போட்டுக்கிட்டு இருக்கேன், காக்கி யூனிஃபார்மோட கேப்டன் வரிசையை விலக்கிக்கிட்டு வர்றா. கையில ஒரு பந்து.

"அக்கா, அடுத்த ரவுண்டுக்கு டோர்னமெண்ட்காரங்க இந்த மாடல் கொடுக்கலாம்னு இருக்காங்களாம். கேட்டு அனுப்பியிருக்காங்க. நீங்க பிடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

"ரேஷன்ல பந்தும் போடுறாங்களாடி?"ன்னு வரிசையில ஒரு அம்மா கேட்டுச்சு. சிரிப்பு. நான் அரிசி அள்ளுறதை நிறுத்தினேன். கையைப் புடவையில துடைச்சுக்கிட்டுப் பந்தை வாங்குனேன். அமுக்கிப் பார்த்தேன். எங்க கடைச் சுவத்துல ஓங்கி அடிச்சு, திரும்பி வர்றதைப் பிடிச்சேன். இன்னொரு தடவை அடிச்சேன். கேப்டன் கையைக் கட்டிக்கிட்டு நின்னா. மொத்த வரிசையும் நின்னுச்சு.

"இது வேணாம். வேற கொண்டா"ன்னு சொல்லி அவ கையில கொடுத்தேன்.