லத்தீனுக்குப் பெரட்டு

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நாட்களில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை, வாய் மட்டும் ஓயாது. "உன் வாய்க்குப் பூட்டு செய்ய இந்த மலையில ஆளே இல்ல லா" என்பார் சமையற்காரர்.

பங்களாவில் இரண்டு பிள்ளைகள், பத்து வயதில் அக்காள், எட்டு வயதில் தம்பி. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் மலைச்சாலையில் லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளோடு துரை அவர்களைத் தானா ராத்தா டவுன் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். முள்கம்பி வேலிக்குள் துரைசாணியே வாத்தியார். கணக்கும் சரித்திரமும் ஒருவழியாக ஓடின. லத்தீன்தான் நகர மறுத்தது. புத்தகத்தைக் கண்டால் பையன் மேசைக்கு அடியில் போய்விடுவான்.

சீமையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர லத்தீன் வேண்டுமாம். வருசக் கடைசிக்குள் வராவிட்டால் பிள்ளைகளைக் கப்பலேற்றி விடுதியில் சேர்ப்பதாகத் துரை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துரைசாணிக்குச் சோறு இறங்கவில்லை. "ரெண்டும் போனா இந்த வீட்டுல எனக்கு என்னா இருக்கு, ஆயா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். வாய் ஓயாத நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது, பெரட்டு. காலையில் ஆட்கள் வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அக்காள் பொம்மைகளை நிறுத்தி, கங்காணி குரலில் அதட்டுவாள்: "என்னா, கால்ல வேர் விட்டுருச்சா? கொழுந்து ஒன்ன தேடி வருமா?" கங்காணி பேச்சு முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா, அந்தச் சொல்லுங்களையும் பெரட்டுல நிறுத்துனா என்னா?" என்றேன்.

துரைசாணி சிரித்துவிட்டார். மேசைக்கு லத்தீனில் மென்சாவாம். நாம் மேசையை, மேசைக்கு என்று சொல்வதுபோல அது வேலைக்கு ஏற்ப வால் மாற்றிக்கொண்டு வருமாம். ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிப் பொம்மைகளின் கழுத்தில் மாட்டினோம். துரைசாணி கணக்கு எழுதும் கிராணி, அக்காள் கங்காணி, எல்லாப் பொம்மைக்கும் குரல் கொடுப்பவன் தம்பி.

"மென்சாம்!"

"இருக்கேன் அய்யா!"

"ஒனக்கு என்னா வேல?"

"மேசைய தூக்கணும்!"

"மென்சை!"

"ரெண்டு பேர் இருக்கோம் அய்யா. எந்த மென்சை?"

"மேசையோட காலு ஒருத்தன், மேசைக்குத் துணி போடுறவன் ஒருத்தன். ரெண்டு பேரும் வா!"

மேசைக்கு அடியில் ஒளிந்தவன், விடிந்ததும் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

வருசக் கடைசியில் துரை வராந்தாவில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். ஏதோ கேட்டார். பையன் கைகட்டி நின்றான், வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. துரை புத்தகத்தை மூடப் போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரட்டில் பேர் கூப்பிடாமல் யார் வாய் திறப்பார்கள்?

"தொரைங்களே, கேள்வி கேட்டா வராது. பேர் கூப்புடுங்க!" என்றேன்.

துரைக்குத் தினமும் காலையில் பெரட்டில் நின்று பழக்கம். ஏதோ நினைப்பில் எழுந்து நின்று, "மென்சா!" என்றார்.

"இருக்கேன் அய்யா!" வேலி வரை கேட்டது.

வரிசை முழுவதும் வந்தது. துரைக்குச் சந்தேகம் தீரவில்லை. பொம்மைகளுக்கு மாட்டாத ஒரு சொல்லைக் கேட்டார். சில்வா, காடு. பையன் ஒரு கணம் கூரையைப் பார்த்தான். பிறகு தானே பேர் கூப்பிட்டுத் தானே பதில் சொன்னான். "சில்வாம்! காட்ட வெட்டணும். சில்வை! காட்டுக்குக் கர்ப்யூ போட்டாச்சு. சில்வா! காட்டுலேருந்து யாரும் வரக்கூடாது!"

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரர்தான் முதலில் சிரித்தார். துரை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"கப்பல் இப்ப வேணாம்" என்று தமிழிலேயே சொன்னார். "பன்னெண்டு வயசு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

துரைசாணி உள்ளே போய், சீமைப் பயணத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியை இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டார். கிராணிக்கு மேசையாயிற்று. மறுநாள் வினைச்சொல். அதற்குப் பொம்மைகள் பத்தவில்லை. சமையற்காரர் கரண்டியோடு வந்து வரிசையில் நின்றார்.