பெரியப்பாவின் பேச்சும் டெல்லி அறிக்கையும்

டெல்லியிலிருந்து வந்த இருவருக்கும் இலை போட்டு, பெரியப்பா தன் கையாலேயே கறிக்குழம்பு ஊற்றியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேசப் பாதுகாப்பை ஆராய்ந்து அரசுக்கு யோசனை சொல்லும் மையத்துக்காரர்கள் அவர்கள். மலைப்பாதைகளைப் பார்க்க எங்கள் ஊரான கோம்பைக்கு வந்திருந்தார்கள். அந்த மையம் எதையும் ஊதிப் பெரிதாக்கும் என்று பத்திரிகைகளில் அப்போதே சண்டை. பெரியப்பாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பட்டாளத்திலிருந்து திரும்பியபின் இந்தி பேச ஆள் கிடைக்காமல் தவித்தவர், அன்று கொட்டித் தீர்த்துவிட்டார். சொன்னதைப் பிறகு என்னிடம் தமிழிலும் சொல்லிக்காட்டினார்: "ஏலத்தோட்டத்துக்குப் போற பாதையில ஒரு பட்டாளத்தையே கடத்திப்புடலாம், நம்ம கோம்பை நாயத் தவிர ஒரு பயலுக்கும் தெரியாதுன்டேன். அசந்துபோனாக!" விருந்தாளியிடம் நாயையும் மலையையும் கூட்டிச் சொல்லாதவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை.

அடுத்த வருஷம் அந்த மையத்தின் அறிக்கை வெளிவந்தது. பின்னாலேயே உத்தரவும் வந்தது. தீவிரவாதிகள் நுழையக்கூடிய வழி என்று பாதையில் வேலி அடைத்துக் காவல் போட்டார்கள். பெரியப்பாவின் ஒரே மகள், என் அக்கா, மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருப்பாள். இனி கம்பம்மெட்டு சுற்றி பஸ்ஸில்தான் வரவேண்டும். பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தேனியில் ஓர் அதிகாரியைப் பார்த்தார்.

"அங்கன எந்தத் தீவிரவாதியும் வரலைங்கய்யா. பொம்பளைக ஏலக்கா எடுக்கப் போற பாதை."

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "உங்க ஊர் பட்டாளத்துக்காரரே சொல்லியிருக்காரே?"

"அது நாந்தாய்யா. சும்மா பெருமைக்குச் சொன்னது."

"டெல்லியில ஏத்துக்கிட்டாங்க பெரியவரே. நான் எப்படி இல்லைன்னு எழுத முடியும்?"

திரும்பும்போது பஸ்ஸில், "மகளுக்குத் தெரிய வேணாம்டா" என்றார். சாப்பாட்டு நேரத்துப் பேச்சை வைத்து ஊரின் வழியை அடைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசி அடைமழையில் பெரியப்பா இறந்தார். கம்பம்மெட்டுச் சாலையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அக்கா வேலிவரை நடந்துவந்து காவலர்களிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர்கள் விடவில்லை. குமுளி சுற்றி அவள் வந்து சேர்வதற்குள், பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்கள் எடுத்துவிட்டோம். கழுவிவிட்ட வீட்டில் ஈரத்தரையில் உட்கார்ந்து அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே தம்பி, நம்மூருல எவனோ ஒரு பட்டாளத்துக்காரந்தான் அந்த வழியக் காட்டிக்குடுத்தானாம். வேலியில நின்ன போலீசுக்காரன் சொன்னான். அவன் சாகையில அவன் பெத்த புள்ள அவன் மூஞ்சியப் பாக்காமப் போகணும்டா!"

அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.