பேசாத ஐந்து நிமிடம்

சலவைக் கடையில் எல்லோருக்கும் அவள் தையல் அக்கா. கடையின் பின்னறையில், ஆவி பறக்கும் இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் நடுவே, திரும்பினால் முழங்கை இடிக்கும் இடத்தில் அவளுடைய மெஷின். நீளமான கால்சட்டையைக் குறைப்பாள். பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பாள். ஊரார் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். வீட்டுக்காரர் உடம்பு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது.

அவர் பஸ் கண்டக்டர். மூச்சுவிட இடமில்லாத வண்டியிலும் ஒரு வார்த்தை சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். தலைக்குள் ரத்தம் கசிந்து கிடந்தவரைப் பார்த்த டாக்டர், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா" என்றார். கொழுந்தனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தாள், "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, துணையைப் பறிகொடுத்தவர்கள் நடத்தும் ஒரு குழு கண்ணில் பட்டது. 'பாதி வழி' என்று பெயர். சேருமுன் யாரை இழந்தீர்கள் என்று கேட்டது. எப்படியும் தாங்காது என்றுதானே சொல்கிறார்கள் என்று, "என் வீட்டுக்காரரை" என்று எழுதிவிட்டாள். அடுத்த நிமிடமே முகம் தெரியாத அத்தனை பேர் வந்து அவளோடு அழுதார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது கையும் பாதி முகமும் அசைந்தன. பேச்சு போய்விட்டது, காது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். "அவர் இருக்கிறார்" என்று எத்தனையோ தடவை எழுதி எழுதி அழித்தாள். சொன்னால் அங்கே அவளுக்கு இடமில்லை. சொந்தக்காரர்கள் முதல் வாரம் பழப்பையோடு வந்தார்கள், நின்றபடியே பார்த்தார்கள், செருப்பு மாட்டும்போது "தைரியமா இரு" என்றார்கள். குழுவிலோ மனைவியை இழந்த வெல்டர் ஒருவர் காலையில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். டீச்சர் ஒருத்தி "தங்கச்சி, குரல் ஏன் கம்மியா இருக்கு?" என்பாள். எல்லாவற்றையும் அவர்களிடம் கொட்டலாம். முதுகுப் புண்ணுக்கு என்ன மருந்து என்பதை மட்டும் கேட்க முடியாது. செத்தவருக்கு ஏது முதுகுப் புண்?

அவள் கடைக்குப் போகும் நேரம் நாத்தனார் வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள்.

"என்ன, உன் போன் சொந்தக்காரங்க இன்னும் கூப்பிடலையா?"

"அவங்களாவது கேக்கறாங்களே, அண்ணி."

"கேக்கறதுக்கு என்ன, வாய் வலிக்குமா? ஒருநாள் வந்து இவனைப் புரட்டிப் போடச் சொல்லேன். அவ்வளவு பேர் இருக்காங்க, ஆளுக்கு ஒரு விரல் பிடிச்சாக்கூடப் போதும். எனக்கு இடுப்பாவது மிஞ்சும்."

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இறந்து ஒரு வருடம் ஆகும்போது எல்லோரும் வீடியோவில் கூடுவார்கள். பறிகொடுத்தவர், போனவரின் பொருள் ஒன்றைக் காட்டிப் பேசுவார். பிறகு ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் மைக்கை அணைக்கவும் கூடாது. ஒருவர் வீட்டுச் சத்தம் இன்னொருவர் வீட்டில் கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்று டீச்சர் கொண்டுவந்த வழக்கம் அது.

அவளுடைய முறையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை விடுமுறை. நாத்தனார் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் மாத்திரைத் தூக்கத்தில் இருந்தார். சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அடுப்பு மேடையில் போனைச் சாய்த்துவைத்து, அவருடைய விசிலைக் காட்டினாள். பாஸ் இல்லாமல் ஏறிய போலீஸ்காரரை அவர் கேலி செய்தே இறக்கிவிட்ட கதையைச் சொன்னாள். சிரித்தார்கள். "அந்தக் குரலை இனிமே கேக்கவே முடியாது" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மௌனம் தொடங்கியது. யார் வீட்டிலோ மின்விசிறி கிறீச்சிட்டது. யார் வீட்டிலோ நாய் குரைத்தது. அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கம்பியில் விரல் தட்டும் சத்தம் எழுந்தது. தாகமெடுத்தால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மறுபடி தட்டினார். விதியை மீறி டீச்சரே வாய் திறந்தாள்.

"தங்கச்சி, உன் வீட்லயா? யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே."

"பக்கத்து வீடு, டீச்சர்." அவள் குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. "ஏதோ ரிப்பேர் பண்றாங்க. இங்க என்னைக் கூப்பிட யாரு இருக்கா?"

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"பாவம்" என்றார் வெல்டர். மீதி நேரமும் யாரும் பேசவில்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அத்தனை கண்களும் தன் மேல் இருக்க, அவளால் எழுந்திருக்க முடியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் கேட்கவில்லை.

மௌனம் முடிந்ததும் டீச்சர் சொன்னாள்: "இந்த லீவுக்கு நான் வரேன். ரெண்டு நாள் உன்கூட இருக்கப்போறேன். போன தடவை மாதிரி சாக்கு சொன்னே, பாரு!"

வீடு சின்னது, வெள்ளையடிக்கிறார்கள், வெளியூர் போகிறேன் என்று எல்லாச் சாக்கும் செலவாகிவிட்டன. இங்கே யாரும் இல்லை என்று இப்போதுதானே சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர்" என்றாள்.

கைதட்டினார்கள்.

போனை அணைத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள். அவர் விழித்தே இருந்தார். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரைப் புகட்டினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். "தெரியாத்தனமா ஆரம்பிச்சதுங்க..." என்றாள்.

அவர் இடது கையால் போர்வையைப் பிடித்தார். மெல்ல மெல்ல மார்பு, கழுத்து, வாய் என்று இழுத்துத் தன் முகத்தை முழுக்க மூடிக்கொண்டார்.

அவள் பதறிப்போய்ப் போர்வையை விலக்கினாள். அவர் கண்கள் அவளையே பார்த்தன. வாயின் ஒரு பக்கம் மட்டும் துடித்தது. கோபமா, அழுகையா, அந்தப் பழைய கேலியா? இத்தனை காலம் கூட வாழ்ந்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. போர்வையின் விளிம்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.