சாமந்தித் தட்டு

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. கம்பி நாரை எடுத்தேன் என்றால் கறை என்று ஒன்று மிச்சம் இருக்காது. அந்த வீறாப்புதான் போன ரம்ஜானுக்கு என்னை மாட்டிவிட்டது.

பென்னாகரத்தில் நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழ் வீட்டில் பாய். வெகுகாலம் பாத்திரக் கடை நடத்தியவர், சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் கெட்டிக்காரர். கடையை மகனிடம் விட்டபின், பீங்கான் தட்டில் பூ வரையப் பழகுவதாகச் சொல்லியிருந்தார். காட்டச் சொன்னால், கை படியட்டும் என்று நழுவிவிடுவார். தினமும் காலையில் டீ டம்ளரோடு மாடிக்கு வந்து என் சாமந்தித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டோம். ஆனாலும் இந்த ஊரில் எனக்குச் சினேகிதர் என்றால் அவர் ஒருவர்தான்.

ரம்ஜான் அன்று அவரே தட்டு கொண்டுவந்தார். வாழையிலை விரித்து மேலே, ரவையும் நெய்யும் சேர்த்துச் சுட்ட ‘தம் ரொட்டி’த் துண்டுகள். கொடுத்துவிட்டு உடனே போகாமல் சற்று நின்றார். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

தின்று முடித்து இலையை எடுத்தால் அடியில் மஞ்சள் பூ. அத்தனை நேர்த்தியாக இருந்ததால் கடையில் வாங்கிய தட்டு என்றே நினைத்தேன். ரொட்டியின் நெய்ப் பிசுக்கு விளிம்பிலும், நீலமாக ஏதோ கறை பூவுக்குக் கீழேயும் ஒட்டியிருந்தது. நாரைப் போட்டு ஒரு தேய் தேய்த்தேன். இரண்டு இதழ் உரிந்து வந்தது. என்ன சரக்கு இது என்று முணுமுணுத்துக்கொண்டேன். பின்பக்கம் ஒட்டியிருந்த கம்பிக் கொக்கியால் தட்டு நிலையாக நிற்காமல் ஆடியது. அதையும் குறட்டால் பெயர்த்து மேசை டிராயரில் போட்டேன்.

கீழேயிருந்து வரும் தட்டை நாங்கள் வெறுமனே திருப்பியதில்லை, அவர்களும் அப்படித்தான். சனிக்கிழமை என் மனைவி தட்டுவடை சுட்டாள். அதை அந்தத் தட்டில் அடுக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் விரல் தட்டின் அடியில் எதையோ தேடியது. சரிங்க சார் என்றார்.

மறுநாளிலிருந்து அவர் மாடிக்கு வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. எதிரில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனார். நான் என்ன குறை வைத்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டுவடையில் உப்பு தூக்கலா என்று மனைவியிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆத்திரம் எல்லாம் மேலுக்குத்தான். தனியாக டீ குடிக்கவே பிடிக்கவில்லை.

பூ முடிந்த செடிகளை வெட்டிவிட ஒரு காலை உட்கார்ந்தேன். ஓரத்துத் தொட்டியில், சாய்ந்த தண்டுக்கு நான் முட்டுக் கொடுத்த குச்சி. அதைக் கட்டிய நீலக் கயிறு. அவிழ்க்கப் போன கை நின்றுவிட்டது. தட்டிலும் பூவுக்குக் கீழே ஒரு குச்சி இருந்தது. நீலமாக ஒரு முடிச்சும் இருந்தது. கறை என்று நினைத்து அதைத்தான் கூடுதலாகத் தேய்த்திருந்தேன்.

என் செடியை எனக்காக வரைந்து, சுவரில் மாட்டக் கொக்கியும் வைத்து, வெறுமனே கொடுக்க மனம் வராமல் ரொட்டியோடு கொண்டுவந்திருக்கிறார். நான் அதைச் சுரண்டி, கொக்கியைப் பிடுங்கி, பலகாரம் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டிராயரிலிருந்து கொக்கியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவைத் திறந்தவரிடம் அதை நீட்டினேன்.

“பாய், அது என் செடின்னு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. அந்தத் தட்டு எனக்கு வேணுங்க.”

அவர் கொக்கியை வாங்கிக்கொண்டார்.

“புடிக்கலைன்னு திருப்பிட்டீங்கன்னு நெனச்சேனுங்க சார். மொத மொதல்ல என் கைக்கு வந்த பூவு அது.”

அவர் மனைவி உள்ளேயிருந்து தட்டை எடுத்துவந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு வாழைப்பழத்தை அதில் வைக்கப் போனார். பாய் தடுத்துவிட்டார்.

“ஒண்ணும் வெக்காத. எதையாச்சும் வெச்சா சார் மறுபடியும் கொண்டாந்து குடுத்துருவாரு.”

அந்த வீட்டிலிருந்து வெறும் தட்டோடு நான் படியேறியது அன்றுதான் முதல் தடவை. பின்னாலேயே பாய் வந்தார், கையில் சுத்தியலோடு.